உயர்மலை ஏற்றம்: எவ்வளவு அனுபவம் வேண்டும், எந்த விதியை மீறக்கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

6,000 மீட்டரும் அதற்கு மேலும் ஏற ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றை நீட்டிச் சொல்லாமல் முடியாது.

எந்த உயரத்திலிருந்து ‘உயர்மலை’ என்கிறோம்?

2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலை வலிக்கத் தொடங்கும். மருத்துவர்கள் அங்கிருந்தே கணக்கை ஆரம்பிக்கிறார்கள். 3,500க்கு மேல் மிகை உயரம், 5,500க்கு மேல் அதீத உயரம். பெரு நாட்டின் லா ரின்கொனாடா என்ற சுரங்க ஊர் சுமார் 5,100 மீட்டரில் இருக்கிறது. அதைவிட உயரத்தில் மக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊர் கிடையாது. 8,000க்கு மேல் இருப்பதை ‘மரண மண்டலம்’ என்கிறார்கள். 1952ல் எவரெஸ்ட்டுக்குப் போன சுவிஸ் குழுவின் தலைவரும் மருத்துவருமான எட்வார்ட் விஸ்-டுனான் முன்வைத்த கருத்து அது.

எவ்வளவு மேலே போனாலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 5,500 மீட்டரில் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. எவரெஸ்ட் உச்சியில், அதாவது 8,848.86 மீட்டரில், மூன்றில் ஒரு பங்கு. கீழே ஒரு மூச்சில் கிடைப்பதற்கு அங்கே மூன்று மூச்சு வாங்க வேண்டும்.

மலையேறிய அனுபவமே இல்லை. ஆனால் பணமும் இரண்டு மாத விடுப்பும் இருக்கிறது. நேராக எவரெஸ்ட் போகலாமா?

அழைத்துப் போக ஆள் கிடைக்கும். அதுதான் சிக்கலே. மலையில் முன்பே கட்டிவைத்த நிலைக்கயிறு போட்டிருக்கும், கூடாரம் அடித்திருக்கும், ஆக்ஸிஜன் சிலிண்டரை யாரோ சுமப்பார்கள், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அனுபவம் இல்லாதது வெளியே தெரியாது. காற்று திசை மாறி, முன்னால் போகிறவரின் விளக்கு கண்ணுக்கு மறைந்து, முகக்கவசத்தின் வால்வு உறைந்துபோகும் நிமிடத்தில்தான் தெரியும். அப்போது கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்களே, இது உயரம் தெரியாமல் விடுவது.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்களுக்கு உதவ வந்தவருக்கே உடம்பு சரியில்லாமல் போனால், உங்களால் தனியாகக் கயிற்றைப் பிடித்து முகாம்வரை இறங்க முடியுமா? ‘முடியும்’ என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடிந்தால் அனுபவம் இருக்கிறது. எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறீர்கள் என்பது அதற்குப் பிறகு வருவது.

அப்படியானால் எந்த வரிசையில் ஏறுவது?

எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு கிடையாது. ஆனாலும் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்வது ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

முதலில் 4,000 முதல் 5,500 மீட்டர்வரை சில நீண்ட நடைப்பயணங்கள். உயரம் உங்கள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் இது. கிளிமஞ்சாரோ (5,895 மீட்டர்) இந்த வகையில் சேரும்: உயரம் உண்டு, கயிறு தேவையில்லை. அடுத்து பனியிலும் பனிக்கட்டியிலும் முறையான பயிற்சி. அதன்பின் கிராம்பான் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள்), கயிறு, பனிக்கோடரி மூன்றும் தேவைப்படும் 6,000 மீட்டர் மலைகள். நேபாளத்தில் லொபுச்சே கிழக்கு, ஐலண்ட் பீக், மேரா (6,476 மீட்டர்) போன்றவை இதற்கென்றே பெயர் பெற்றவை. மேரா உயரமானது, ஆனால் நடை அதிகம். ஐலண்ட் பீக் உயரம் குறைவு, ஆனால் கடைசிச் சரிவில் ஜுமார் (கயிற்றைக் கவ்வி ஏற உதவும் பிடி) பிடித்து ஏற வேண்டும். ஒன்று செய்தால் மற்றதும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

பிறகு, நீண்ட நாட்கள் குளிரில் கிடந்து, சுமையைத் தானே தூக்கி, முகாம் முகாமாக மேலே நகர்த்தும் மலை ஒன்று. அலாஸ்காவின் டெனாலி (6,190 மீட்டர்) இதில் சிறந்த ஆசிரியர். சுமைகூலிகள் கிடையாது, சறுக்குப்பலகையைக் கட்டி நீங்களே இழுக்க வேண்டும். கூடாரத்தைச் சுற்றிப் பனிச்சுவர் கட்டுவதும் நீங்கள்தான். அர்ஜென்டினாவின் அகொன்காகுவா (6,961 மீட்டர்) உயரத்தில் பெரியது, வழக்கமான பாதையில் கயிற்று வேலை குறைவு, ஆனால் அங்கே வீசும் காற்று ஆளைத் தள்ளிவிடும். இவற்றுக்குப் பிறகு ஒரு 7,000, அல்லது மனாஸ்லு (8,163), சோ ஓயு (8,188) போன்ற ஓர் எட்டாயிரம். எவரெஸ்ட் அதற்கும் பிறகு.

இந்த வரிசைக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அவசரப்படுகிறவர்கள் ஒரே பருவத்தில் முடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் பாடம் உடம்பில் ஊற, இடையில் கொஞ்ச நாள் சும்மா இருப்பதும் வேண்டும்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப்வரை நடந்திருக்கிறேன். அது அனுபவம் இல்லையா?

உயரத்தில் நடந்த அனுபவம். மலையேறிய அனுபவம் இல்லை. பேஸ் கேம்ப் சுமார் 5,360 மீட்டர். அதுவரை இருப்பது பாதை. அங்கிருந்து முதல் அடியே கும்பு பனிவீழ்ச்சி. பனியாறு உடைந்து நொறுங்கி நகர்ந்துகொண்டே இருக்கும் இடம். வீடு உயரத்துக்கு நிற்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே, பிளவுகளின் மேல் கிடத்திய அலுமினிய ஏணியில் கிராம்பான் பற்கள் படியில் சிக்காமல் கால்வைத்துப் போக வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? இணையத்தில் பார்த்துக் கற்க முடியாதா?

முடிச்சுகளைப் பார்த்துக் கற்கலாம். விழுவதைப் பார்த்துக் கற்க முடியாது.

பனி படர்ந்த சரிவில் சறுக்கும்போது பனிக்கோடரியால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதை எடுத்துக்கொள்ளுங்கள். கோடரியின் தலையை ஒரு கையால் தோள்பக்கம் பிடித்து, உடம்பைக் குப்புறத் திருப்பி, மொத்த எடையையும் அதன் மூக்கின் மேல் போட வேண்டும். கிராம்பான் அணிந்திருந்தால் பாதங்களைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். ஒரு பல் பனியில் மாட்டினால் போதும், தலைகீழாகப் புரட்டிவிடும். இது தெரிந்த விஷயமாக இருந்து பயனில்லை, அனிச்சையாக வர வேண்டும். வேகம் பிடித்துவிட்டால் நிறுத்த முடியாது. முதல் ஒன்றிரண்டு நொடிதான் கணக்கு. மல்லாந்து, பக்கவாட்டில், தலைகீழாக என்று நூறு முறை விழுந்து பழகினால்தான் கை தானாகப் போகும். டார்ஜிலிங்கில் 1954ல் தொடங்கிய இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனம் போன்ற பள்ளிகள் தொடக்கநிலை, மேல்நிலை என்று இரண்டு படிகளாக நடத்துவது சும்மா இல்லை.

அடுத்தது நிலைக்கயிற்றில் மாறுவது. இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டையான ஹார்னஸிலிருந்து இரண்டு வால்கயிறுகள் தொங்கும். ஒன்றின் நுனியில் ஜுமார், மற்றதில் பூட்டுக் காரபினர், அதாவது பூட்டக்கூடிய உலோகக் கொக்கி. ஜுமார் மேல்நோக்கி நகரும், கீழ்நோக்கி வழுக்காது. கொஞ்ச தூரத்துக்கு ஓர் இடத்தில் கயிறு பனித்திருகில் முடிச்சிட்டு நிற்கும். அங்கே வந்ததும் முதலில் காரபினரை மட்டும் கழற்றி முடிச்சுக்கு மேலே மாட்டுங்கள். பூட்டுங்கள். இழுத்துப் பாருங்கள். அதன் பிறகே ஜுமாரில் கைவைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கயிற்றுக்கு வெளியே இருக்கும் நொடி ஒன்றுகூட இருக்கக்கூடாது. கேட்க எளிது. நள்ளிரவில், தடித்த கையுறையோடு, பின்னால் பத்துப் பேர் காத்திருக்கும்போது கை தானாகக் குறுக்குவழி தேடும். கரணம் தப்பினால் மரணம் என்ற சொல் இந்த இடத்துக்கே செய்த மாதிரி இருக்கும்.

வீட்டுப் படிக்கட்டின் கைப்பிடியில் கயிறு கட்டி, கையுறை போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு இதைப் பழகுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்று: பழைய கயிறுகள். போன ஆண்டு, அதற்கு முந்தின ஆண்டு விட்டுப்போனவை வெயிலிலும் உரசலிலும் நைந்து புதுக்கயிற்றோடு பின்னிக் கிடக்கும். எது இந்தப் பருவத்துக் கயிறு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதிலும் எடையைப் போடாதீர்கள்.

சட்டப்படி என்ன தகுதி வேண்டும்?

மலைக்கு மலை வேறு. நேபாளத்தில் எவரெஸ்ட்டுக்குக் குறைந்தபட்ச வயது 16. துணையில்லாமல் தனியாக ஏறுவதற்கு அனுமதி இல்லை. 2025ல் திருத்திய விதிப்படி 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் இரண்டு மலையேறிகளுக்கு ஒரு வழிகாட்டி கட்டாயம். ஏறும் அனுமதிக் காலம் 75 நாளிலிருந்து 55 ஆகக் குறைந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றத்துக்கு வந்த சுற்றுலா மசோதா, எவரெஸ்ட் கேட்பவர் நேபாளத்திலேயே 7,000 மீட்டருக்கு மேல் ஒரு சிகரம் ஏறியிருக்க வேண்டும் என்கிறது. விண்ணப்பிக்கும் நேரத்தில் எது நடைமுறையில் இருக்கிறது என்று நேபாளச் சுற்றுலாத் துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நோக்கம் நல்லது. அளவுகோல்தான் உதைக்கிறது. அமா தப்லாம் 6,812 மீட்டர்தான், இந்தக் கணக்கில் தேறாது. ஆனால் அதன் பாறையும் பனியும் கலந்த முகட்டில் ஏறி இறங்கியவரை, கூட்டத்தோடு ஒரு சாதுவான 7,000 ஏறியவரைவிட நான் நம்புவேன்.

டெனாலிக்குக் குறைந்தது 60 நாளுக்கு முன்பே தேசியப் பூங்கா நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். முந்தைய ஏற்றங்களையும் அதில் எழுதச் சொல்வார்கள். அகொன்காகுவாவில் முகாம் மருத்துவர் ரத்த அழுத்தமும் ஆக்ஸிஜன் அளவும் பார்த்த பிறகுதான் மேலே போக விடுவார்.

மாரத்தான் ஓடுகிறேன். உடல் தகுதி போதுமா?

நல்ல தொடக்கம். ஆனால் ஓடுகிறவரின் நெஞ்சும், சுமை தூக்கி ஏறுகிறவரின் தொடையும் முதுகும் வேறு. முதுகில் 15 கிலோவோடு ஒரே நாளில் 1,000 மீட்டர் ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் காலை அதையே திரும்பச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முதல் நாள் பெரிய விஷயமில்லை, இரண்டாம் நாள்தான் பதில் சொல்லும். வேகத்தைவிட, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மணிக்கணக்கில் ஏறும் திறன் முக்கியம்.

உயரத்தில் ஆக்ஸிஜன் போதாமல் வரும் உயர நோயை உடல் தகுதி தடுக்காது. இதை எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். தகுதியானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே முதலில் மாட்டிக்கொள்வதும் உண்டு.

உடம்பு உயரத்துக்குப் பழகுவது என்றால் என்ன நடக்கிறது?

முதல் சில மணி நேரத்தில் மூச்சு வேகமாகிறது. அதனால் கரியமிலவாயு அதிகம் வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது. இதற்குச் சில நாட்கள் வேண்டும். சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் வேண்டும். இரவில் மூச்சு ஏறி ஏறி, பிறகு சில நொடி நின்றே போய், திடுக்கென்று திரும்ப வரும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்து எழுப்புவார். அது மட்டும்தான் என்றால் பயப்பட வேண்டாம்.

இதிலிருந்து பிறந்ததுதான் விதி: 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும். பகலில் மேலே போய்விட்டு இரவு கீழே வந்து தூங்குவது நல்லது. பெரிய மலைகளில் முதல் முகாம்வரை போய்த் திரும்புவது, இரண்டாம் முகாமில் தூங்கித் திரும்புவது என்று சுற்றுச் சுற்றாக ஏறுவதும் இதனால்தான். அலுப்பாக இருக்கும். மலையேற்றத்தில் பெரும்பகுதி அலுப்புதான்.

தலைவலி எப்போது சாதாரணம், எப்போது ஆபத்து?

உயரத்துக்கு வந்தபின் தலை வலித்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது உயர நோய்தான். வெயில், தண்ணீர் குடிக்காதது, தூக்கமின்மை என்று சாக்குச் சொல்லாதீர்கள். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, கிறுகிறுப்பு, அசதி சேர்ந்தால் அதே இடத்தில் நின்றுவிடுங்கள். அறிகுறி தீரும்வரை மேலே போகக்கூடாது. ஓய்வெடுத்தும் கூடினால் இறங்க வேண்டும்.

உயிருக்கு உலைவைப்பவை இரண்டு.

மூளை வீக்கம் ஒன்று. நேர்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் ஒட்டுமாறு பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், கோட்டை விட்டு விலகினால், பேச்சு குழறினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஒருவர் பூட்ஸ் நாடாவைக் கட்ட முடியாமல் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘களைப்பு’ என்றார் கூடாரத்தில் இருந்தவர். நடக்கவைத்துப் பார்த்தோம், மூன்றாவது அடியில் சாய்ந்தார். அந்த இரவே 900 மீட்டர் இறக்கினோம். காலையில் தன் பெயரைச் சொல்லித் தேநீர் கேட்டார்.

நுரையீரலில் நீர் கோப்பது மற்றது. அமெரிக்க மருத்துவரும் மலையேறியுமான சார்லஸ் ஹூஸ்டன் 1960ல் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதும்வரை பலர் நிமோனியா என்றே நினைத்திருந்தார்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், வறட்டு இருமல், உதடு நீலம், பிறகு நுரையோடு இளஞ்சிவப்புச் சளி. பெரும்பாலும் புதிய உயரத்துக்கு வந்த இரண்டாம் இரவில் தலைகாட்டும். சிகிச்சை இறங்குவது, முடிந்தால் ஆக்ஸிஜனோடு, நடக்கவிடாமல் சுமந்து. இறங்க வழியில்லை என்றால் காற்றடித்து அழுத்தம் கூட்டும் பையில் ஆளைப் படுக்கவைத்து நேரம் வாங்கலாம். நேரம் மட்டும்தான்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஏறலாமா?

அசெட்டசோலமைடு, டயமாக்ஸ் என்ற பெயரில் தெரிந்திருப்பீர்கள். 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து என்பது தடுப்புக்கான வழக்கமான அளவு. உடம்பு பழகுவதை அது விரைவுபடுத்துகிறது, அறிகுறியை மறைப்பதில்லை. விரல் நுனி சுறுசுறுவென்று இருக்கும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. டெக்சாமெதசோன் மூளை வீக்கத்துக்கும், நிஃபெடிபின் நுரையீரல் நீருக்கும் உரிய அவசர மருந்துகள். டெக்சாமெதசோனை விழுங்கிவிட்டு உச்சிக்குப் போவது, எரியும் வீட்டில் அபாய மணியைக் கழற்றிவைப்பது.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டரில் 80 காட்டுகிறது. இறங்க வேண்டுமா?

எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். குளிர்ந்த விரலில் அது பொய் சொல்லும். அதே உயரத்தில் மற்றவர்களுக்கு என்ன காட்டுகிறது, உங்களுக்கு நேற்று என்ன காட்டியது, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று சேர்த்துப் பாருங்கள்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தால் கவலை இல்லையே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 1,200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் 10 மணி நேரம். 4 லிட்டர் விட்டால் 5 மணி நேரம். கடைசி முகாம் இருக்கும் தெற்குக் கணவாயிலிருந்து எவரெஸ்ட் உச்சிக்குப் போய்த் திரும்ப 12 முதல் 18 மணி நேரம் ஆகும். 2019 மே மாதம் நடந்ததுபோல உச்சிக்குக் கீழே வரிசை கட்டி நிற்க நேர்ந்தால், ஒரு மணி நேரம் சும்மா நின்றதற்கே 120 லிட்டர் போய்விடும்.

சிலிண்டர் தீரும் நொடியில், அதுவரை அது தாங்கிக்கொண்டிருந்த உயரம் முழுதும் உங்கள் மேல் விழும். எனவே ரெகுலேட்டரின் அளவியைப் படிக்கவும், வால்வில் உறைந்த எச்சில் பனியை உடைக்கவும், சிலிண்டர் மாற்றவும் நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் 1978 மே 8 அன்று சிலிண்டர் இல்லாமலே எவரெஸ்ட் ஏறினார்கள் என்று யாராவது உதாரணம் காட்டினால், அதற்கு முன் அவர்கள் ஏறியிருந்த மலைகளின் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.

செனான் வாயு, ஆக்ஸிஜன் குறைந்த கூடாரம் இவற்றால் நாட்களைக் குறைக்க முடியுமா?

2025 மே மாதம் நான்கு பிரிட்டிஷ்காரர்கள் செனானை உள்ளிழுத்துவிட்டு, லண்டனை விட்டுக் கிளம்பி ஐந்து நாளுக்குள் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் ஆக்ஸிஜன் குறைந்த கூடாரத்தில் தூங்கியதும், மலையில் சிலிண்டர் பயன்படுத்தியதும் செய்தித் தலைப்பில் வரவில்லை. செனான் மலையில் செயல்திறனைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை, தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்து என்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏவின் மருத்துவக் குழு அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தது. கூடாரம் ஓரளவு உதவும். ஆனால் இரண்டுமே கயிறு பிடிக்கக் கற்றுத்தராது.

‘திரும்பும் நேரம்’ என்கிறார்களே, அது என்ன?

உச்சி எட்டினாலும் எட்டாவிட்டாலும் இறங்கத் தொடங்க வேண்டிய மணி. முந்தைய நாளே, மூளை தெளிவாக இருக்கும்போதே, எழுதிவைக்க வேண்டும். ஏனென்றால் 8,500 மீட்டரில் முடிவெடுப்பது நீங்கள் அல்ல, ஆக்ஸிஜன் பற்றாத மூளை. அது ‘இன்னும் இருபது நிமிடம்தான்’ என்றே சொல்லும்.

1996 மே 10 அன்று எவரெஸ்ட்டில் மதியம் 2 மணி தாண்டியும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். 4 மணிக்கும் உச்சியில் ஆள் இருந்தார். மாலையில் புயல் வந்தது. அதற்குள் முகாம் சேர்ந்திருக்க வேண்டியவர்கள் இருட்டில் வழி தெரியாமல் அலைந்தார்கள். அன்றும் மறுநாளுமாக, மலையின் இரு பக்கமும் சேர்த்து 8 பேர் இறந்தார்கள். அவர்களில் உலகின் தேர்ந்த வழிகாட்டிகளும் உண்டு. யானைக்கும் அடி சறுக்கும்.

எவரெஸ்ட்டில் 8,000 மீட்டருக்கு மேல் நேரும் மரணங்களில் பெரும்பகுதி இறங்கும்போதே நிகழ்கிறது. உச்சியில் நிற்கும்போது உடம்பில் பாதி பலம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது என் அளவு.

பனியாற்றில் எப்போதும் கயிறு கட்டித்தான் நடக்க வேண்டுமா? பாதை மிதிபட்டுத்தானே இருக்கிறது?

ஆம், எப்போதும். பிளவின் மேல் பனி மூடியிருந்தால் மேலிருந்து தெரியாது. முன்னால் நடந்த பத்துப் பேரைத் தாங்கிய பனிப்பாலம் பதினோராவது ஆளுக்கு உடையும். கயிற்றில் தொய்வு இருக்கக்கூடாது. தொய்ந்து கிடக்கும் கயிறு கட்டாத கயிறுதான். முகாமுக்குள் சிறுநீர் கழிக்கப் போனவர் பிளவில் விழுந்த கதைகளும் உண்டு. முகாம் போட்டதும் சுற்றிலும் கோல் குத்திப் பார்த்து எல்லை குறிக்க வேண்டும்.

ஒரு கயிறு என்ன செய்யும் என்பதற்கு: 1953 ஆகஸ்டில் கே2 மலையில், நோயுற்ற தோழரை ஒரு குழு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் சறுக்கினார். கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கி ஐந்து பேர் விழுந்தார்கள். பீட் ஷோனிங் என்ற இளைஞர், பாறைக்குப் பின்னால் செருகிய ஒற்றைப் பனிக்கோடரியிலும் தன் இடுப்பிலும் கயிற்றைச் சுற்றி, அந்த ஐவரோடு நோயாளியையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தினார்.

பனிச்சரிவை முன்கூட்டியே அறிய முடியுமா?

வாய்ப்பைக் குறைக்கலாம், அவ்வளவுதான். புதுப்பனி விழுந்த மறுநாளும் காற்று பனியைக் குவித்த சரிவும் மோசமானவை. தொங்கும் பனிக்கட்டிகளுக்குக் கீழே வெயில் படுமுன் கடந்துவிட வேண்டும். அதற்குத்தான் நள்ளிரவுப் புறப்பாடு. அதுவும் உத்தரவாதம் இல்லை. 2014 ஏப்ரல் 18 காலை கும்பு பனிவீழ்ச்சியில் மேலிருந்து பனித்திரள் விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வேகமும் அனுபவமும் உள்ளவர்கள் அவர்கள். நீங்கள் அந்த இடத்தைச் சில முறை கடப்பீர்கள். உங்கள் சுமையை எடுத்துப் போகிறவர் அதைவிடப் பல மடங்கு கடப்பார். ‘இன்னொரு நாற்காலி, இன்னொரு பெட்டி’ என்று கேட்கும்முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கடி வந்தால்?

விரல் மரத்து வெள்ளையாகிவிட்டதா? தேய்க்காதீர்கள், பனியால் ஒத்தாதீர்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் உருக்கவே கூடாது. உருகி மீண்டும் உறைந்தால் சேதம் பல மடங்கு. பாதுகாப்பான இடத்தில் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைக்க வேண்டும், கடுமையாக வலிக்கும்.

ஒருமுறை காரபினரைப் பூட்ட ஒரு நொடி வெளிக்கையுறையைக் கழற்றி வாயில் கவ்வினேன். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உள்கையுறையும் பையில் உபரி ஜோடியும் இருந்ததால் விரல்கள் மிஞ்சின. அன்றிலிருந்து கையுறையை மணிக்கட்டில் நாடாவால் கட்டாமல் நான் கிளம்புவதில்லை.

கண்ணுக்கும் இதே கவனம் வேண்டும். 1,000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, பனி அதைத் திருப்பியும் அடிக்கிறது. மேகமூட்டம் என்று கண்ணாடியைக் கழற்றினால், இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல எரியும், பார்வை போகும். சில நாளில் திரும்பும். ஆனால் செங்குத்துச் சரிவில் அந்தச் சில நாள் உங்களிடம் இருக்காது.

ஆபத்து என்றால் ஹெலிகாப்டர் வருமே?

2005 மே 14 அன்று டிடியர் டெல்சால் என்ற பிரெஞ்சு விமானி எவரெஸ்ட் உச்சியிலேயே ஹெலிகாப்டரை இறக்கினார். அது சோதனை விமானியின் சாதனை. அன்றாட மீட்பு வேறு: காற்று மெலிந்ததால் சுழலிக்குப் பிடிமானம் குறைவு, எடை ஏற்ற முடியாது, வானிலை தெளிந்தால்தான் பறக்கும். நீங்கள் சிக்குவதே வானிலை கெட்ட நாளில்தான். காப்பீடு எந்த உயரம்வரை செல்லும் என்று வரிக்கு வரி படியுங்கள். பல பாலிசிகள் நடைப்பயண உயரத்தோடு நின்றுவிடும்.

அழைத்துச் செல்லும் நிறுவனத்தை எப்படிச் சோதிப்பது?

‘உச்சி வெற்றி எத்தனை சதவீதம்?’ என்று கேட்காதீர்கள். ‘போன பருவத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். யாரையும் திருப்பியதில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். உபரி சிலிண்டரும் முகக்கவசமும் எத்தனை, எந்த முகாமில்? வானிலை அறிக்கை எங்கிருந்து வருகிறது? ‘திரும்பு’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, வாடிக்கையாளர் மறுத்தால் என்ன செய்வார்கள்? வழிகாட்டிக்கும் அவர் குடும்பத்துக்கும் காப்பீடு எவ்வளவு? முக்கியமாக, அவர்கள் உங்கள் அனுபவத்தைப் பற்றி எதையாவது கேட்டார்களா? முன்பணத்தைத் தவிர எதையும் கேட்காத நிறுவனம், உங்களோடு கயிற்றில் வரப்போகும் மற்றவர்களையும் எதுவும் கேட்டிருக்காது.

மலையில் கழிவை என்ன செய்வது?

கீழே கொண்டுவர வேண்டும். டெனாலியில் அதற்கென்றே மூடியிட்ட குவளை தருகிறார்கள். எவரெஸ்ட் பக்கம் 2024 முதல் மலத்தைக் கட்டிக் கீழே கொண்டுவரும் பைகள் கட்டாயம். அந்தக் குளிரில் எதுவும் மக்காது. அடுத்தவர் தேநீருக்கு உருக்கும் பனி அதுதான்.

உச்சிக்கு 100 மீட்டர் முன்னால் திரும்பிவிட்டால், அதை அனுபவக் கணக்கில் சேர்க்கலாமா?

முதல் வரியில் எழுதுங்கள். விண்ணப்பங்களைப் பார்க்கும்போது நான் தேடுவதே அதைத்தான்: எங்கே, எந்த மணிக்கு, என்ன காரணத்தால் திரும்பினீர்கள்?

சுவீடனைச் சேர்ந்த யோரான் க்ரோப், ஸ்டாக்ஹோமிலிருந்து சைக்கிளிலேயே நேபாளம் வந்து, சிலிண்டர் இல்லாமல், தன் சுமையைத் தானே தூக்கி எவரெஸ்ட் ஏறினார். 1996 மே 3 அன்று அவருக்கும் உச்சிக்கும் இடையே இருந்தது சுமார் 100 மீட்டர். நேரம் கடந்துவிட்டது, பனி தொடையளவு. நுனிக்கொம்புவரை வந்தவர் திரும்பி இறங்கினார். ஒரு வாரம் கழித்து, மேலே சொன்ன மே 10 புயல் வந்தபோது அவர் கீழே இருந்தார். மே 23 அன்று மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார். பிறகு வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பகுதியைச் சைக்கிளிலேயே கடந்தார்.